லெனார்ட் வூல்ஃப்: ஆள வந்து ஐயத்துடன் திரும்பியவர்

லண்டனின் புளூம்ஸ்பெரி பகுதியில் உள்ள டாவிஸ்டாக் சதுக்கத்தில் மகாத்மா காந்தியின் சிலை இருப்பதைத் தமிழர் பலரும் அறிவர். அதே சதுக்கத்தில் ஒரு ஜிங்கோ மரமும் நிற்கிறது. ஆங்கிலேய இளைஞர் ஒருவர் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கி நூறு ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூரும் வகையில், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி இலங்கைத் தூதரின் பங்கேற்புடன் அந்த மரம் நடப்பட்டது.

அந்த இளைஞரின் பெயர் லெனார்ட் வூல்ஃப். உலகம் அவரைப் பெரும்பாலும் நாவலாசிரியை வர்ஜீனியா வூல்ஃபின் கணவராகவே அறிந்திருக்கிறது. ஆனால் இலங்கையில் அவர் இன்றளவும் நினைவுகூரப்படுவதற்குக் காரணம், 1913ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்ற பொருள்படும் ஆங்கில நாவலாகும்.

ஆட்சி செய்பவர் நேர்மையானவராக இருந்துவிட்டால் ஆட்சியும் நீதியானதாகிவிடுமா என்ற கேள்வியை அந்த நாவல் எழுப்புகிறது. அந்தக் கேள்வி அவரது சொந்த வாழ்விலிருந்தே பிறந்தது என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சி அதிகாரி

லெனார்ட் வூல்ஃப் 1880ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வழக்கறிஞராகப் புகழ்பெற்றிருந்த தந்தை 1892இல் காலமானதை அடுத்து, பெரிய குடும்பத்தின் வசதிகள் திடீரெனச் சுருங்கின. கல்வி உதவித்தொகையின் துணையுடன் படித்த அவர், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, லிட்டன் ஸ்ட்ராச்சி, ஜான் மேனார்ட் கெயின்ஸ் ஆகியோரின் நண்பரானார். நன்மை என்றால் என்ன என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த தத்துவ அறிஞர் ஜி. இ. மூரின் செல்வாக்கு அந்த நண்பர் குழுவினர் அனைவர் மீதும் படிந்திருந்தது.

அரசுப் பணித் தேர்வில் உயர்ந்த இடம் கிடைக்காததால், 1904இல் அவர் இலங்கைக்கான பதவியை ஏற்றார். வோல்டேரின் தொகுதிகள் பலவற்றையும், சார்ல்ஸ் என்ற நாயையும் உடன் எடுத்துக்கொண்டு கப்பலேறினார் என்பது பின்னாளில் பலரும் விரும்பிச் சொல்லும் செய்தியாயிற்று.

1905ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டார். தமிழைக் கற்றார், பின்னர் சிங்களமும் கற்றார். கச்சேரிக்கு வரும் கடிதங்களுக்கு அன்றைய தினமே பதில் அனுப்பப்பட வேண்டும் என்று அவர் விதித்த கட்டுப்பாடு, பழைய நடைமுறைக்குப் பழகியிருந்த எழுதுவினைஞர்களுக்குக் கசப்பாக இருந்தது. வேலையில் அவர் காட்டிய கண்டிப்பு மேலதிகாரிகளிடம் நற்பெயரையும், மக்களிடம் அதிருப்தியையும் ஒருசேரப் பெற்றுத்தந்தது.

அக்காலத்தில் அவர் மனநிலை சீராக இருக்கவில்லை. டைபாய்டு காய்ச்சலாலும் தனிமையாலும் வாடிய அவர், தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்றதை நண்பர் ஸ்ட்ராச்சிக்கு எழுதிய கடிதமொன்றில் தெரிவித்திருக்கிறார். அக்கடிதங்களில் தன்னைச் சூழ்ந்திருந்த வெள்ளையர்கள் மீதும், தான் ஆள வந்த மக்கள் மீதும் அவர் கொட்டியிருக்கும் வெறுப்பு, இன்று வாசிப்பவர்களுக்குச் சங்கடம் தரக்கூடியது.

குதிரைச் சவுக்கும் ஒரு புகாரும்

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு சம்பவம் அவரது சிந்தனையில் திருப்புமுனையாக அமைந்தது. பிரதான வீதியில் அவர் குதிரை மீதிருந்தபோது, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழ்ச் சங்கத்தினர் ஆளுநருக்குப் புகார் அனுப்பினர். வீதியோரக் கட்டடம் ஒன்றைச் சவுக்கால் சுட்டிக்காட்டியதாகவும், எவரையும் தான் அடிக்கவில்லை என்றும் வூல்ஃப் விளக்கமளித்தார்.

விவகாரம் அத்துடன் முடிந்தது. ஆனால் வூல்ஃபின் மனதில் அது முடியவில்லை. தான் அடிக்கவில்லை என்பது உண்மைதான் என்றாலும், வேற்று நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞன் அவர்களுடைய ஊரின் நடுவீதியில் குதிரை மீது அமர்ந்து சவுக்கை நீட்டிக்கொண்டிருந்ததே அவர்களின் முகத்தில் அறைந்ததற்கு ஒப்பானது என்று பிற்காலத்தில் தன் சுயசரிதையில் அவர் ஒப்புக்கொண்டார். புகார் கூறியவர்கள் விவரத்தில் தவறியிருந்தாலும், அடிப்படையில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது அவர் வந்தடைந்த முடிவு.

1906ஆம் ஆண்டில் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பை மேற்பார்வையிடவும் அவர் அனுப்பப்பட்டார். ஆளற்ற மணற்கரையில் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரமே எழுந்தது. தமிழ் முத்துக்குளிப்பவர்களும், அரேபியர்களும், வணிகர்களும் அங்கு குவிந்தனர். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கு, அவர்கள் எடுத்துவந்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. அழுகும் சிப்பிகளின் நாற்றமும் ஈக்களின் கூட்டமும் நிறைந்த அந்தக் கரையே, 1921இல் வெளியான அவரது சிறுகதை ஒன்றின் களமாயிற்று.

அக்கதையில் இரு மரணங்கள் அருகருகே நிகழ்கின்றன. ஒன்று, முத்துக்குளிக்கும்போது இறந்த அரேபியர் ஒருவருடையது. தோழர்களின் கண்ணியமான துயரத்துடன் அவர் உடல் கரைக்குக் கொண்டுவரப்படுகிறது. மற்றையது, குடியினால் புத்தி தடுமாறி, தான் இழைத்த கொடுமைகளைப் பிதற்றிக்கொண்டே சாகும் வெள்ளையர் ஒருவருடையது. கீழைத்தேயத்தை எவ்வாறு ஆள வேண்டும் என்று இங்கிலாந்தில் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்து பேசுபவர்களிடம் இக்கதை சொல்லப்படுவதாக வூல்ஃப் அமைத்திருப்பது, தன் வாசகர்களை அவர் யாராகக் கருதினார் என்பதைக் காட்டுகிறது.

அதே தொகுப்பிலுள்ள மற்றொரு கதை யாழ்ப்பாணத்துப் பிராமணர்கள் இருவரைப் பற்றியது. ஒருவர் ஆசையால் மீன் பிடிக்கிறார்; மற்றவர் கஞ்சத்தனத்தால் தாமே கிணறு தோண்டி மண் சுமக்கிறார். தலைமுறைகள் கடந்தும் அவர்களது சந்ததியினரை அந்த இழுக்கு விடவில்லை. சாதி என்னும் கட்டமைப்பைச் சிறிய நகைச்சுவையின் மூலம் அவர் விமர்சித்தார். எனினும், ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்படுவோரின் சாதியைக் கேலி செய்வதிலும் ஓர் உயர்வு மனப்பான்மை ஒளிந்திருக்கவில்லையா என்ற கேள்வி நியாயமானதே.

ஹம்பாந்தோட்டையின் கண்டிப்பான அதிபர்

1907இல் கண்டிக்கு மாற்றப்பட்ட வூல்ஃப், அங்குள்ள போகம்பரை சிறைச்சாலையில் மரண தண்டனைகள் நிறைவேற்றப்படும்போது அதிகாரி என்ற முறையில் முன்னிலையில் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் காட்சிகள் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன.

1908ஆம் ஆண்டு ஆகஸ்டில், தமது 27ஆவது வயதில், தெற்கே ஹம்பாந்தோட்டை மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராக அவர் பொறுப்பேற்றார். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அந்த வறண்ட மாவட்டத்தில் வரி, உப்பளம், நீர்ப்பாசனம், நீதிமன்றம் அனைத்தும் அவரது பொறுப்பில் இருந்தன. காட்டுக்குள் நடந்தும் குதிரையேறியும் கிராமங்களைச் சுற்றினார். மக்களின் பேச்சைக் கூர்ந்து கேட்டார்.

1909, 1910ஆம் ஆண்டுகளில் மாடுகளுக்கு வெக்கை நோய் பரவியது. நோயுற்ற மாடுகளையும், கட்டப்படாமல் திரியும் மாடுகளையும் சுட்டுக்கொல்ல வேண்டும் என்பது நோயைத் தடுக்க அரசு கண்ட வழி. வூல்ஃப் அந்த ஆணையைத் தளர்வின்றி நிறைவேற்றினார். தாமே துப்பாக்கி ஏந்தி எருமைகளைச் சுட்டார்.

நிர்வாகத்தின் நோக்கில் அது சரியான நடவடிக்கை. ஆனால் எருமையின்றி வயலை உழ முடியாத விவசாயியின் நோக்கில், ஆட்டுவிக்கும் பேரிடர்களில் நோய் ஒன்று, அதிபர் மற்றொன்று. தன் கடமையைச் சரியாகச் செய்வதாலேயே ஒருவர் வெறுக்கப்படலாம் என்பதையும், வெறுப்பவர்களிடமும் நியாயம் இருக்கலாம் என்பதையும் வூல்ஃப் அங்குதான் கண்டார்.

நியாயமான தீர்ப்பும் அநீதியும்

1911ஆம் ஆண்டு மே மாதத்தில் விடுமுறையில் இங்கிலாந்து திரும்பிய அவர், மறைந்த நண்பர் தோபி ஸ்டீவனின் சகோதரியான வர்ஜீனியாவைக் காதலித்தார். விடுமுறையை நீட்டிக்கக் கோரியபோது காரணம் கேட்கப்பட்டது. அதைக் கூற மறுத்து 1912இல் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் பதிவு அலுவலகத்தில் அவர்களது திருமணம் நடைபெற்றது.

ஏகாதிபத்தியத்தை எதிர்த்து அவர் பதவி விலகினார் என்று சிலர் எழுதுவதுண்டு. உண்மை அவ்வளவு எளிமையானதல்ல. வர்ஜீனியா மறுத்திருந்தால் இலங்கைக்கே திரும்பி, ஹம்பாந்தோட்டை போன்ற ஒரு மூலையில் எஞ்சிய வாழ்வைக் கழிக்கவும் அவர் எண்ணியிருந்தார். ஐயமும் பதவி மீதான பற்றும் அவருள் சேர்ந்தே இருந்தன.

அந்த இரட்டை மனநிலையிலிருந்து எழுதப்பட்டதுதான் 1913இல் வெளியான நாவல். காடு சூழ்ந்த பெத்தகம என்ற சிறு கிராமம் அதன் களம். வேட்டையாடி வாழும் சிலிந்து, அவனது இரட்டைப் புதல்விகளான புஞ்சி மெனிக்கா, ஹின்னிஹாமி ஆகியோர் அதன் முக்கிய பாத்திரங்கள். சேனைப் பயிருக்கான அனுமதியைக் கையில் வைத்திருக்கும் கிராமத் தலைவரான ஆரச்சியும், கடன் கொடுக்கும் முதலாளியும், மந்திரவாதி வைத்தியரும் அவர்களைப் படிப்படியாக நசுக்குகின்றனர்.

புஞ்சி மெனிக்காவின் கணவன் பாபுன் மீது பொய்யான திருட்டு வழக்கு தொடரப்படுகிறது. நீதிமன்றத்தில் வெள்ளைக்கார நீதவான் பொறுமையாக விசாரிக்கிறார், சாட்சியங்களைக் கேட்கிறார், ஏதோ பிழையிருப்பதாகச் சந்தேகிக்கவும் செய்கிறார். ஆனால் அவருக்கு முன் வைக்கப்பட்ட சாட்சியங்களின்படி தீர்ப்பு வழங்குவதைத் தவிர அவருக்கு வழியில்லை. தன்னைச் சுற்றி ஆங்கிலத்தில் என்ன நடக்கிறது என்பது குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குப் புரியவில்லை. சட்டம் முறைப்படி நடக்கிறது. விளைவு அநீதி.

தன் குடும்பம் அழிக்கப்படுவதைக் கண்ட சிலிந்து, ஆரச்சியையும் முதலாளியையும் கொன்றுவிட்டுச் சரணடைகிறான். பாபுன் சிறையில் இறந்துபோகிறான். கிராமத்தினர் ஒவ்வொருவராக அகல, காடு வீடுகளை விழுங்குகிறது. வேறு போக்கிடம் அறியாத புஞ்சி மெனிக்கா மட்டும் தன் குடிசையை விட்டு அகலாமல் கடைசி வரை அங்கேயே இருக்கிறாள்.

இந்நாவலில் நல்லவர்கள் வெல்வதில்லை. தீயவர்களும் முற்றாகத் தீயவர்களாகச் சித்தரிக்கப்படவில்லை. பசியும் பயமும் அவர்களையும் இயக்குகின்றன. கொலை செய்த சிலிந்துவை வாசகர் கண்டிக்க முடியாது, மன்னிக்கவும் முடியாது. சகிப்புத்தன்மையை ஓர் உயர்ந்த குணமாகப் போற்றவும் வூல்ஃப் முற்படவில்லை. வேறு வழியில்லாத மனிதர்கள் அடுத்த வேளை உணவுக்காகத் தாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவே.

அந்த நீதவான் பாத்திரத்தில் வூல்ஃப் தன்னையே வைத்துப் பார்த்தார் என்பது விமர்சகர்கள் பலரின் கருத்து. ஆனால் நாவலின் மையத்தில் அவரை நிறுத்தவில்லை. இ. எம். ஃபார்ஸ்டரின் இந்தியா பற்றிய நாவல் 1924இலும், ஜார்ஜ் ஓர்வெலின் பர்மா பற்றிய நாவல் 1934இலும் வெளிவந்தன. அவற்றில் கூட ஐரோப்பியரின் மனச்சான்றே பெருமளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவற்றுக்கு முன்பே எழுதிய வூல்ஃப், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் பக்கத்திலிருந்து கதையைச் சொன்னார்.

அதே சமயம், கிராமத்து மனிதர்களை விலங்குகளோடு மிக நெருக்கமாக வைத்து அவர் வர்ணிப்பது, காலனித்துவப் பார்வையின் எச்சம் என்ற விமர்சனமும் உண்டு. அதில் உண்மையில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்ட இந்த நாவலை இலங்கை வாசகர்கள் தமதாகவே ஏற்றுக்கொண்டனர். 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதைத் திரைப்படமாக்கியபோது, இலங்கையில் குடியேறியிருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதில் நீதவானாகத் தோன்றினார்.

தமிழ் எழுத்துகளில் ஒரு ரகசியம்

நாவல் வெளியான அதே 1913ஆம் ஆண்டில் வர்ஜீனியா கடுமையான மனநோய்க்கு ஆளாகி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அந்நாட்களில் மனைவியின் உடல்நிலை, உறக்கம் ஆகியவற்றை வூல்ஃப் தன் நாட்குறிப்பில் பதிந்துவந்தார். பிறர் படித்துவிடாதிருக்கச் சிங்கள, தமிழ் எழுத்துகளைக் கலந்த ஒரு சங்கேத முறையை அதற்குப் பயன்படுத்தினார். ஆட்சி செய்வதற்காகக் கற்ற எழுத்துகள், வீட்டுத் துயரத்தை மறைத்து வைக்கும் பெட்டகமாயின.

1917இல் ரிச்மண்ட் இல்லத்தில் சிறிய கை அச்சு இயந்திரத்துடன் இருவரும் தொடங்கிய ஹோகார்த் பதிப்பகம், டி. எஸ். எலியட்டின் கவிதைகளையும், சிக்மண்ட் ஃபிராய்டின் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் வெளியிடும் நிறுவனமாக வளர்ந்தது. வர்ஜீனியாவுக்கு மன அமைதி தரும் வேலையாகவும் அது கருதப்பட்டது.

மனைவிக்கு ஓய்வு நேரம், உணவு, விருந்தினர் எண்ணிக்கை என அனைத்தையும் வரையறுத்த வூல்ஃபை, வீட்டிலும் அதிபராகவே நடந்துகொண்டவர் என்று பிற்கால விமர்சகர்கள் சிலர் குறைகூறினர். குழந்தை பெற வேண்டாம் என்று மருத்துவர்களைக் கலந்து அவர் எடுத்த முடிவும் விவாதத்திற்குள்ளானது. அந்தக் கண்டிப்பு இல்லாதிருந்தால் வர்ஜீனியா தன் பெரும் படைப்புகளை எழுதும் வரை வாழ்ந்திருக்க மாட்டார் என்பது மறுதரப்பின் வாதம். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பது கடினம்.

1941ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி வர்ஜீனியா சசெக்ஸில் ஊஸ் ஆற்றில் மூழ்கி உயிர்நீத்தார். அதற்கு முந்தைய ஆண்டில் டாவிஸ்டாக் சதுக்கத்தில் அவர்கள் வாழ்ந்த வீடு ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்திருந்தது. வூல்ஃப் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார், எழுதினார், மனைவியின் எழுத்துகளைப் பதிப்பித்தார், ரொட்மெல் கிராமத்துத் தோட்டத்தைப் பராமரித்தார்.

இலங்கை குறித்த எச்சரிக்கை

அரசியலில் அவர் தொழிற்கட்சியைச் சார்ந்தவராக விளங்கினார். 1915இல் இலங்கையில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தை இராணுவச் சட்டத்தின் கீழ் பிரிட்டிஷ் நிர்வாகம் கொடூரமாக அடக்கியபோது, விசாரணை கோரி லண்டன் வந்திருந்த இ. டபிள்யூ. பெரேரா, டி. பி. ஜயதிலக்க ஆகியோருக்கு அவர் உதவினார். தான் ஒருகாலத்தில் அங்கம் வகித்த அதே நிர்வாகத்திற்கு எதிராக அவர் செயல்பட்டார். விசாரணைக்கு அரசு இணங்கவில்லை.

தமிழர்களைப் பொறுத்தவரை மற்றொரு ஆவணம் முக்கியமானது. தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவின் செயலாளராக இருந்த வூல்ஃப், 1938ஆம் ஆண்டில் இலங்கை அரசியல் சீர்திருத்தம் குறித்து ஒரு குறிப்பறிக்கையைத் தயாரித்தார். சிறுபான்மையினருக்குப் பாதுகாப்புகள் தேவை என்பதை வலியுறுத்திய அவர், அதிகாரப் பரவலாக்கம் அல்லது சுவிட்சர்லாந்தைப் போன்ற கூட்டாட்சி முறை இலங்கைக்குப் பொருந்துமா என ஆராய வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தார்.

அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1948இல் ஒற்றையாட்சி அமைப்புடனேயே இலங்கை சுதந்திரம் பெற்றது. அடுத்த பத்தாண்டுகளில் மொழிச் சட்டமும் கலவரங்களும், பின்னர் 2009 வரை நீடித்த போரும் வந்தன. கூட்டாட்சி இருந்திருந்தால் அவை தவிர்க்கப்பட்டிருக்கும் என்று உறுதியாகக் கூற எவராலும் இயலாது. ஆனால் யாழ்ப்பாணத்திலும் ஹம்பாந்தோட்டையிலும் பணியாற்றி, இரு மொழிகளையும் கற்ற ஒருவர், இரு சமூகங்களின் அச்சங்களையும் லண்டனிலிருந்த பலரை விட முன்னதாகவே உணர்ந்திருந்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கேள்வி

1960ஆம் ஆண்டில், தமது 79ஆவது வயதில், வூல்ஃப் மீண்டும் இலங்கைக்குச் சென்றார். பழைய ஆட்சியாளர் என்ற வெறுப்பை எதிர்பார்த்துச் சென்ற அவருக்கு, எங்கும் அன்பான வரவேற்பே கிடைத்தது. ஆனால் தெற்கில் ஒரு முதியவர், வெக்கை நோய்க் காலத்தில் மாடுகள் தொடர்பாக வூல்ஃப் எடுத்த ஒரு முடிவை நினைவூட்டி, அது நியாயமா என்று அனைவர் முன்னிலையிலும் கேட்டார். அரை நூற்றாண்டு காலம் அந்தக் கேள்வி அவருடன் காத்திருந்தது.

நியாயம்தான் என்று வூல்ஃப் பதிலளித்தார். சட்டப்படி அவர் கூறியது சரி. எனினும் அந்தச் சந்திப்பைத் தன் சுயசரிதையின் இறுதித் தொகுதியில் அவர் விரிவாக எழுதியிருப்பது, தன் பதிலில் அவருக்கே முழுத் திருப்தி இருக்கவில்லை என்பதை உணர்த்துகிறது.

1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி, 88ஆவது வயதில் அவர் காலமானார். தன் வாழ்நாளில் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் மணி நேரம் வரை பயனற்ற அரசியல் வேலைகளில் செலவிட்டதாகக் கணக்கிட்ட அவர், பயனில்லை என்று தெரிந்தும் அதைச் செய்தது தனக்கு அவசியமாக இருந்தது என்றும் எழுதிச் சென்றார்.

குழுக்களில் அவர் எழுதிய அறிக்கைகள் பெரும்பாலும் ஆவணக் காப்பகங்களில் உறங்குகின்றன. மாறாக, 32 வயதில் அவர் எழுதிய நாவல் நூறு ஆண்டுகளைக் கடந்தும் வாசிக்கப்படுகிறது. தன் மொழி வழங்காத நீதிமன்றத்தில் நிற்பவர்களும், வேறு போக்கிடமின்றி அழியும் கிராமத்தில் தங்கிவிடுபவர்களும் இருக்கும் வரை, அந்த நாவலின் கேள்வி பழையதாகிவிடாது என்றே கருத வேண்டியுள்ளது.